ராய்ஸ் டிட்மோர் பிடித்த பெரிய மீன்

ராய்ஸ் டிட்மோரின் சட்டையில் வெறும் துணி தெரியும் இடம் குறைவு. தோளில் ஒரு மோட்டார் கம்பெனியின் பெயர், நெஞ்சில் தூண்டில் கம்பெனி, முதுகு முழுக்க ஒரு பேட்டரிக் கடை. இவர்கள் எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு ராய்ஸை ஆதரிக்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரிக் கடைக்காரருக்கும் அவனுக்கும் உள்ள உறவு, அவன் அங்கே ஒருமுறை பேட்டரி வாங்கினான் என்பதுதான். ரப்பர் இரை செய்யும் கம்பெனி மட்டும் உண்மையாகவே அவனைத் தன் 'களக் குழு'வில் சேர்த்திருந்தது. அதாவது, எவ்வளவு வாங்கினாலும் அவனுக்குக் கொஞ்சம் தள்ளுபடி. தள்ளுபடியை வீணாக்கக் கூடாது என்று அவன் வாங்கிக் குவித்த பொட்டலங்கள் சலவை அறை அலமாரிகளை அடைத்து, இப்போது இஸ்திரிப் பலகையின் மேலும் ஏறியிருந்தன. வீட்டுத் துண்டுகளில் எல்லாம் இரையின் சோம்பு வாசனை. அந்த வாசனை ஏரியில் கிடைக்கும் 'பாஸ்' என்ற மீன்களுக்கு மிகவும் பிடிக்குமாம். அவன் மனைவி நெல்டாவுக்குப் பிடிக்குமா என்று கம்பெனியில் யாரும் கேட்கவில்லை.

வாரநாட்களில் ராய்ஸ் அலபாமாவின் செம்மண்ணைத் தோண்டிக் கழிவுநீர்த் தொட்டி புதைப்பவன். அதற்குச் சட்டையில் இடமில்லை.

மே மாதத்து முதல் சனிக்கிழமை, டாலிசன் ஏரியில் தம்பதிகள் மீன்பிடிப் போட்டி. ஜெயிக்கும் ஜோடி ஜூன் மாதம் மாநில இறுதிப் போட்டிக்குப் போகும். அதே வாரத்துக்குத்தான் நெல்டா மாநிலத்தின் தெற்கே கல்ஃப் கடற்கரையில் ஒரு வாடகை வீடு எடுத்து வைத்திருந்தாள். நீலக் கதவு, முன்னால் மணல், அதற்கு முன்னால் கடல். போன வருஷம் இதே வீட்டை எடுத்து, ராய்ஸுக்கு ஏதோ படகுக் கண்காட்சி வந்து ரத்தானது. அதற்கு முந்தைய வருஷம் புதுப் படகே வந்து ரத்தானது. பல் மருத்துவமனையில் வருஷம் முழுக்க அடுத்தவர்களுக்கு நாள் குறித்துக் கொடுப்பவள் நெல்டா. தனக்கென்று குறித்த ஒரே நாள் மட்டும் ஒவ்வொரு வருஷமும் கைவிட்டுப் போனது.

இந்தத் தடவை பேரம் நடந்தது.

"ஜெயிச்சா மாநிலப் போட்டி. தோத்தா உன் கடல். நான் வாக்கு மாற மாட்டேன், செல்லம்," என்றான் ராய்ஸ்.

நெல்டா உடனே கைகொடுத்தாள். இத்தனை வருஷத்தில் டிட்மோர் ஜோடி பட்டியலின் நடுப்பகுதியைத் தாண்டி மேலே ஏறியதில்லை. கடற்கரை வீட்டின் சொந்தக்காரியிடம் பேசி, சாவி எங்கே இருக்கும் என்பதுவரை கேட்டு வைத்துவிட்டாள்.

விடிகாலையில் படகுகள் எல்லாம் துறையில் உறுமிக்கொண்டு நின்றபோது, சங்கத் தலைவர் ஹாய்ட் லேங்க்ஃபோர்ட் ஒலிபெருக்கியில் ஜெபம் சொல்லிவிட்டு விதிகளைப் படித்தார். ஜோடிக்கு ஐந்து மீன், அதற்கு மேல் கூடாது. உயிரில்லாத மீனுக்கு எடை குறைக்கப்படும். ஆண்களில் பெரிய மீனுக்கு ஒரு கேடயம், பெண்களில் பெரிய மீனுக்கு ஒரு கேடயம். ஜெயிக்கும் ஜோடி பொய் கண்டறியும் கருவிமுன் உட்கார வேண்டும்.

"கடைசியா, போன வருஷம் நம்ம பிரதர் ராய்ஸ் கொண்டுவந்த விதி. தான் பிடிக்காத மீனைத் தான் பிடிச்சதா மேடையில சொன்னா, அந்த ஜோடியே வெளிய!"

"ஆமென்!" என்று எல்லாரையும் முந்திக்கொண்டு கத்தினான் ராய்ஸ்.

சில கணவன்மார்கள் தாங்கள் பிடித்த மீனை மனைவி பெயரில் சொல்லி இரண்டு கேடயங்களையும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்பதால் வந்த விதி அது. மனைவி பிடித்த மீனைக் கணவன் தன் பெயரில் சொல்லிக்கொள்வான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதை யாரும் குற்றமாக நினைத்ததில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

ராய்ஸின் படகு மினுமினுவென்று, கல்யாண வீட்டுப் பெட்டி மாதிரி இருக்கும். முன்தளம் அவனுடையது. அங்கே நின்றுகொண்டு, காலால் சின்ன மோட்டாரை மிதித்து, ஒவ்வொரு நல்ல இடத்திலும் முதலில் அவன் வீசுவான். அவன் வீசிக் கலக்கி முடித்த தண்ணீர் பின்தளத்தில் இருக்கும் நெல்டாவுக்கு. நெஞ்சில் வார் போட்டு ஒரு சின்ன கேமராவையும் கட்டியிருந்தான். அவனுடைய சானலைப் பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர். அதில் அவனுடைய தம்பிமார்களும் அடக்கம்.

"மக்களே, வணக்கம்! இன்னைக்கு நாம பாக்கப்போறது எடை கட்டாத ரப்பர் இரை. முட்டை போட்டு முடிச்ச பாஸ் மீன் இப்ப கரையோரப் புல்லுல சோர்ந்துபோய்க் கிடக்கும். அதுக்கு முன்னாடி இந்த இரை செத்துக்கிட்டிருக்கிற சின்ன மீன் மாதிரி போகணும். ரெண்டு சுண்டு. அப்புறம் சும்மா விட்டுடணும். இதுல பெரிய ரகசியம் என்னன்னா, பொறுமை."

பொறுமையைப் பற்றி அவன் படகு அடுத்த வளைவைத் தாண்டும்வரை பேசினான். பேசிக்கொண்டே இரையைக் கோத்தான்.

அது ஒன்றும் பிரமாதமான வேலை அல்ல. விரல் நீளத்துக்குச் சற்று அதிகமான வழவழப்பான ரப்பர் மீன். தூண்டில் முள்ளின் நுனியை அதன் மூக்கில் கொஞ்சம் குத்தி, தாடைக்கடியில் வெளியே எடுத்து, முள்ளை மேலே இழுத்துத் திருப்பி, வயிற்றில் இருக்கும் பிளவு வழியாக ஏற்றி, முதுகுத் தோலுக்குள் நுனி மட்டும் ஒளிந்திருக்கும்படி விட வேண்டும். புல்லில் சிக்காது. ஒரே ஒரு நிபந்தனை, இரை நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் தண்ணீருக்குள் மீன்போல நழுவாமல் பம்பரம்போலச் சுழலும். அது சுழலச் சுழல தூண்டில் நரம்பு முறுக்கேறும். பொட்டலத்தின் பின்னால் படமே போட்டிருக்கிறது. நெல்டா அந்தப் படத்தைப் பார்த்து, பாவாடைக்கு நாடா கோப்பதுபோலக் கோத்து வைத்துக்கொண்டாள். ராய்ஸ் களக் குழுவைச் சேர்ந்தவன், படம் பார்ப்பதில்லை.

"ராய்ஸ், உன்னோடது கோணலா இருக்கு."

"கோணல் இல்ல. அதுக்கு ஒரு தனி அசைவு குடுத்திருக்கேன்."

"வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருக்கு."

"யாரு களக் குழுவுல இருக்கா? நீயா, நானா?"

அவன் வீசினான். தனி அசைவு கொடுத்த இரை தண்ணீருக்குள் விசிறிபோலச் சுற்றிக்கொண்டு வந்தது. ரெண்டு சுண்டு என்று மக்களுக்குச் சொன்னவன், ஏழெட்டு சுண்டு சுண்டினான். சும்மா விட வேண்டிய நேரம் வரும்போதெல்லாம் அவனுக்குச் சொல்ல ஏதாவது நினைவு வந்தது. வாய் அசைந்தால் அவன் கையும் அசையும். கல்யாணமான நாளிலிருந்து நெல்டா பார்த்துக்கொண்டிருக்கும் நோய் இது. சாப்பாட்டு மேசையில் எத்தனை டீ கிளாஸ் போயிருக்கிறது!

நெல்டா தன் இரையைப் புல்லோரமாக எறிந்தாள், ஒரு கடமைக்கு. மடியில் சாண்ட்விச் பொட்டலத்தை வைத்துப் பிரித்தாள். கடற்கரை வீட்டில் காப்பி போடும் மெஷின் உண்டா என்று கேட்க மறந்துவிட்டோமே என்று யோசித்தபோது நரம்பு பக்கவாட்டில் நடந்துபோனது.

"ஐயோ, போ அந்தப் பக்கம்," என்றாள் மீனிடம்.

போகவில்லை. நரம்பைத் தளர்த்திப் பார்த்தாள், துப்பிவிட்டுப் போகட்டும் என்று. அது முள்ளை வாயோரத்தில் நன்றாக மாட்டிக்கொண்டு படகை நோக்கியே வந்தது. ராய்ஸ் கைவலையோடு ஓடிவந்தான்.

"பாத்தியா! நான் சொன்ன இடம்! மக்களே, நான் சொன்ன இடம்!"

அதற்குப் பிறகு நெல்டா மீன் பிடிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள். கணவனைப் பார்த்து அதேபோலச் சுண்டினாள், விடாமல், வெடுக் வெடுக்கென்று. நல்ல பலன் தெரிந்தது, ஒரு மீனும் வரவில்லை. ஆனால் அவன் மாதிரி சுண்ட அவன் மணிக்கட்டு வேண்டும். கொஞ்ச நேரத்தில் கை கடுத்தது. தூண்டில் கம்பை மடியில் சாய்த்துவிட்டு, டீ குடிக்கக் குடுவையைத் திறந்தாள். இரை தன்பாட்டுக்கு மெல்ல இறங்கியது. இரண்டாவது மீன். கேட்க மறந்த காப்பி மெஷினைப் பற்றி வீட்டின் சொந்தக்காரிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தபோது மூன்றாவது. இந்த இரைக்கு வேண்டியது அலட்சியம்தான் என்று தெரிந்திருந்தால் ஆண்பிள்ளைகள் இத்தனை வருஷம் ஏரியில் பாடுபட்டிருக்க வேண்டாம். வீட்டைக் கவனிக்கும் லட்சணத்தில் ஏரியைக் கவனித்தால் அள்ளிக்கொண்டு வந்திருப்பார்கள்.

ராய்ஸுக்கும் ஒன்று கிடைத்தது. இரையைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவன் தும்மியபோது கடித்த மீன். விதி கேட்ட நீளம் வருவதற்காக, அளவுகோலில் அதன் வாலைக் கிள்ளி நீட்டிச் சேர்த்துக்கொண்டான்.

வெயில் ஏறியதும், ஒரு சின்ன ஓடை வந்து சேரும் மூலைக்குப் போனார்கள். அங்கே ராய்ஸின் தூண்டில் ரீலில் காலையிலிருந்து ஏறிய முறுக்கு எல்லாம் ஒரே வீச்சில் வெளியே வந்தது. நரம்பு ரீலின்மேல் குருவிக்கூடாகக் கட்டிக்கொண்டது.

"மக்களே, இது நல்ல வாய்ப்பு," என்று ராய்ஸ் முன்தளத்தில் உட்கார்ந்தான். "சிக்கை எப்படி எடுக்கிறதுன்னு இப்ப சொல்லித் தரேன். முக்கியமா, பதறக் கூடாது... சனியனே, எங்கடி உன் நுனி?"

நெல்டாவின் இரை புல்லுக்கும் நிழலுக்கும் நடுவில் அசையாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அதை விழுங்கியது எதுவென்று முதலில் தெரியவில்லை. கம்பு வளைந்து படகின் விளிம்பைத் தொட்டது. பிறகு ஓடை மூலையில் தண்ணீர் பிளந்து, ஒரு வாளியளவு வாயைத் திறந்துகொண்டு அது எழும்பித் தலையை உதறியது.

அந்த நொடியில் கம்பைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும், முள் கழன்றுவிடும். நீலக் கதவும் மணலும் பத்திரம். நெல்டாவுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் அவள் அந்த மீனைப் பார்த்துவிட்டாள். கடலாவது கத்தரிக்காயாவது! எழுந்து நின்று கம்பைத் தூக்கிப் பிடித்தாள்.

"ராய்ஸ், வலை எடு!"

"இரு, மக்களுக்குச் சொல்லிட்டிருக்கேன்ல."

"ராய்ஸ்! பெருசு! வலை!"

"ரெண்டு நிமிஷம் பொறுக்க மாட்டியா? இதுக்குத்தான் சொல்றேன், மக்களே, பொறுமை..."

மீன் படகுக்கடியில் போனது. கம்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுபக்கம் சுற்றிக் கொண்டுவந்தாள். ஒரு கையால் கம்பு, மறு கையால் வலை, முழங்கால் படகுச் சுவரில் இடித்து ரத்தம் கட்டியது. மீன் உள்ளே வந்து விழுந்து தளத்தை ஓங்கி அறைந்த சத்தத்தில்தான் ராய்ஸ் திரும்பினான்.

"அடேங்கப்பா," என்றான். பிறகு நெஞ்சைத் தூக்கி கேமராவை மீனுக்கு நேராகக் காட்டி, "மக்களே, இதைத்தான் காலையிலேர்ந்து எதிர்பார்த்துக்கிட்டிருந்தேன்!" என்றான்.

நெல்டா உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். வாய்கொள்ளாத சிரிப்பு வந்தது. அது அடங்குவதற்குள் கணக்கு உறைத்தது. ஐந்து மீன் சேர்ந்துவிட்டது, அதில் ஒன்று பூதம். மீன்களை உயிரோடு போட்டு வைக்கும் தொட்டியின் மூடியைத் திறந்து அதைப் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்தது.

"உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?" என்றாள்.

படகில் இருக்கும்வரை அது நெல்டா பிடித்த மீனாக இருந்தது. திரும்பும் வழியில் பெட்ரோல் போட நின்ற இடத்தில், பக்கத்துப் படகுக்காரரிடம், "நாங்க ஒண்ணு பிடிச்சோம்," என்றான் ராய்ஸ். துறையில் கயிறு கட்ட உதவியவரிடம், "நான் கண்ணு வச்சிருந்த மூலை அது," என்றான். வண்டி நிறுத்துமிடத்தில் அது எப்படி எழும்பியது என்று கையை விரித்துக் காட்டினான். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நெல்டா படகின் பின்பக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் நகர்ந்து, கடைசியில் தண்ணீரில் விழுந்துவிட்டாள் போலும். கதையில் அவளைக் காணவில்லை.

எடை மேடைக்கு முன்னால் எல்லாரும் தண்ணீர் நிரப்பிய பைகளில் மீன்களோடு வரிசையில் நின்றார்கள். ட்வைலா ஸ்னெல் நெல்டாவின் பைக்குள் எட்டிப் பார்த்தாள். அவளும் அவள் கணவனும் அதுவரை முதலிடத்தில் இருந்தார்கள்.

"போச்சு. நாங்க ரெண்டாவது. உங்களுக்குத்தான் மாநிலப் போட்டி," என்று பெருமூச்சு விட்டாள் ட்வைலா. "குடுத்து வச்சவ நீ."

"வாயைக் கழுவு," என்றாள் நெல்டா.

ஹாய்ட் மீன்களைத் தராசில் வைத்தார். முள் போன இடத்தைப் பார்த்துக் கூட்டம் 'ஓ'வென்றது. டிட்மோர் ஜோடி முதலிடம். ஹாய்ட் பெரிய மீனைத் தூக்கிப் பிடித்து ஒலிபெருக்கியில் கேட்டார்:

"இந்த ராட்சசனைப் பிடிச்சது யாரு? ஆண்கள் கேடயமா, பெண்கள் கேடயமா?"

நெல்டா வாயைத் திறந்தாள். அதற்குள் ராய்ஸ் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டான்.

"ஹாய்ட், உங்களுக்குச் சொல்றதுக்கென்ன. அந்த ஓடை மூலையில போய் நின்னேன். மனசு சொல்லிச்சு, ராய்ஸ், ரெண்டு சுண்டு, அப்புறம் சும்மா விடுன்னு. விட்டேன். எழும்பிச்சு பாருங்க! என் முழங்காலைப் படகுல இடிச்சுக்கிட்டு, ஒத்தைக் கையால வலையை வீசி..."

முழங்காலையும் எடுத்துக்கொண்டான். நெல்டா தன் வீங்கிய முழங்காலைப் பார்த்தாள். அவன் கதையை நடுவில் தடுத்தால் முதலிலிருந்து ஆரம்பிப்பான் என்பது அவளுக்கு அனுபவம். தவிர, தான் கொண்டுவந்த விதிக்குத் தானே காலையில் 'ஆமென்' சொன்ன அவன் குரல் இன்னும் காதில் இருந்தது. வாயை மூடிக்கொண்டாள். ஆண்கள் கேடயம் ராய்ஸின் கைக்கு வந்தது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் மீன்.

பொய் கண்டறியும் கருவியைத் துறைக்கு எதிரே இருந்த சர்ச்சில், ஞாயிறு பள்ளி அறையில் வைத்திருந்தார்கள். சுவரில் பிள்ளைகள் வரைந்த நோவாவின் பேழை; ஒட்டகச்சிவிங்கி கப்பலைவிட உயரம். கருவிக்காரர் ஆர்லிஸ் பெண்டர், ஓய்வுபெற்ற போலீஸ்காரர். ஊரே தன்னிடம் வந்து ஒருநாள் மாட்டும் என்ற நம்பிக்கையில் இருப்பவர். நெல்டாவின் விரல்களில் ஒயரை மாட்டினார்.

"ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லணும். மீன் வயித்துல எடை எதுவும் சேர்த்தீங்களா?"

"இல்லைங்க ஐயா."

"நேரத்துக்கு முன்னாடி பிடிச்சீங்களா?"

"இல்ல."

"பெரிய மீனை உங்க வீட்டுக்காரர்தானே பிடிச்சாரு?"

"இல்ல."

ஆர்லிஸ் நிமிர்ந்தார். "என்னது? பின்ன யாரு?"

"ஆமா, இல்லைன்னு மட்டும்தானே சொல்லச் சொன்னீங்க."

"சரி... நீங்களா பிடிச்சீங்க?"

"ஆமாங்க ஐயா."

கருவியின் கோடு கவலையே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஆர்லிஸின் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒன்று மாட்டிவிட்டது. அடுத்து ராய்ஸை வரச் சொன்னார்.

ஆர்லிஸ் வெளியே வந்தபோது முகத்தில் அந்த மலர்ச்சி இல்லை. கையில் இரண்டு தாள். ஹாய்ட் அதற்குள் போட்டி விருந்தின் உருளைக்கிழங்கு சாலட்டில் பாதியில் இருந்தார்.

"ஹாய்ட், ரெண்டு பேருமே அந்த மீனைத் தான்தான் பிடிச்சதா சொல்றாங்க."

"யாரு பொய்?"

"அதுதான் தெரியல. ரெண்டு கோடும் நேரா இருக்கு. ராய்ஸோடது இன்னும் நேரா இருக்கு."

நெல்டாவுக்கு இதில் ஆச்சரியமில்லை. வண்டி நிறுத்துமிடத்திலேயே ராய்ஸ் அந்த மீனை முழுசாகப் பிடித்து முடித்துவிட்டான். இப்போது அவன் பொய் சொல்லவில்லை, ஞாபகப்படுத்திக்கொள்கிறான்.

ராய்ஸ் நல்ல மனதோடு அவள் தோளில் கைபோட்டான். "செல்லம் வெயில்ல ரொம்ப நேரம் நின்னுட்டா, ஹாய்ட்."

ஹாய்ட் கரண்டியால் சாலட்டைக் குத்தி யோசித்தார். மேடையைக் கலைத்தாகிவிட்டது, கேடயம் கொடுத்தாகிவிட்டது, தட்டில் வறுத்த மீன் ஆறிக்கொண்டிருந்தது.

"பிரச்சினையே இல்ல. மெஷின் ரெண்டு பேரும் உண்மைன்னு சொல்லுது. புருஷன் பொண்டாட்டி ஒரே உடல். ஒரே உடல் பிடிச்ச மீன். டிட்மோர் ஜோடி ஜெயிச்சாச்சு, மாநிலப் போட்டிக்கு..."

நீலக் கதவு நெல்டாவின் முகத்துக்கு முன்னால் சாத்திக்கொண்டிருந்தது. நின்று வாதாடலாம். வாதாடினால் ராய்ஸ் பேசுவான். பேசினால் கூட்டம் கேட்கும். கேட்டால் இன்னும் நன்றாகப் பிடிப்பான்.

"பாவம், ராய்ஸ்," என்றாள் மெதுவாக. "எவ்வளவு அருமையா பிடிச்சே. யாரும் பாக்கக் குடுத்துவைக்கல."

ராய்ஸ் தலையாட்டினான்.

"அந்த நேரம் பாத்து உன் நெஞ்சுல அது ஓடிட்டு இருந்துச்சோ என்னமோ."

அவ்வளவுதான் சொன்னாள். தட்டை எடுத்துக்கொண்டு மேசைப் பக்கம் போய், ஒரு மீன் துண்டைப் போட்டுக்கொண்டு, அதிலிருந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் என்ன நடக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஹாய்ட்!" என்று ராய்ஸ் கத்தினான். "ஹாய்ட், கேமரா! எல்லாம் இதுல இருக்கு! எல்லாரும் வாங்க!"

ஞாயிறு பள்ளியின் டிவியில் ஒயரை அவனே சொருகினான். சாலட்டோடும் டீயோடும் கூட்டம் வந்து பேழைக்கு முன்னால் நின்றது. ட்வைலா ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். திரையில் ராய்ஸின் இரண்டு கைகள் பெரிதாகத் தெரிந்தன, நடுவில் குருவிக்கூடு.

"குரல் நல்லா பதிஞ்சிருக்குல்ல?" என்றான் ராய்ஸ் பக்கத்திலிருந்தவரிடம்.

திரையில் அவன் குரல்: "பதறக் கூடாது... சனியனே, எங்கடி உன் நுனி?"

பின்னாலிருந்து நெல்டாவின் குரல்: "ராய்ஸ், வலை எடு!"

"இரு, மக்களுக்குச் சொல்லிட்டிருக்கேன்ல."

கைகள் சிக்கை இழுத்துக்கொண்டே இருந்தன. தூரத்தில் தண்ணீர் அடிபடும் சத்தம். "பெருசு! வலை!" ஏதோ மோதும் சத்தம், நெல்டாவின் வாயிலிருந்து சர்ச்சில் சொல்லக் கூடாத ஒரு வார்த்தை. கைகள் நரம்பின் நுனியைக் கண்டுபிடித்து, மறுபடி தொலைத்தன. "பொறுமை, மக்களே." பிறகு தளத்தில் ஓங்கி ஓர் அறை. படம் சுழன்று திரும்பி, தரையில் துடிக்கும் மீனையும், அதன் பக்கத்தில் ரத்தம் கட்டிய ஒரு முழங்காலையும் காட்டியது.

"இதைத்தான் காலையிலேர்ந்து எதிர்பார்த்துக்கிட்டிருந்தேன்!" என்றது ராய்ஸின் குரல்.

யாரோ டீ குடித்த வாயோடு சிரிக்கப் பார்த்துப் புரையேறினார்கள்.

ராய்ஸ் திரையைப் பார்த்தபடியே நின்றான். "ஆனா எனக்கு ஞாபகம் இருக்கே," என்றான் சின்னக் குரலில். "கை வலிச்சதுகூட ஞாபகம் இருக்கு."

"மெஷின்மேல தப்பில்ல," என்றார் ஆர்லிஸ் பெண்டர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

ஹாய்ட் தட்டைக் கீழே வைத்தார். "ராய்ஸ், பிரதர்... உன் விதிதான். நீதான் கொண்டுவந்தே. நாங்க எல்லாம் எதுக்குப்பா இதுன்னுதான் கேட்டோம்."

டிட்மோர் ஜோடி வெளியே போனது. கேடயத்தை ராய்ஸ் திருப்பிக் கொடுத்தான். பெண்கள் கேடயம் நெல்டாவுக்கு வருமா என்று ட்வைலாவே கேட்டுப் பார்த்தாள். ஜோடியே வெளியே என்றால் மீனும் வெளியேதான் என்றார் ஹாய்ட். பெண்கள் கேடயம் ட்வைலாவுக்குப் போனது, நெல்டாவின் மீனில் பாதிகூட இல்லாத ஒரு மீனுக்கு. நெல்டா கைதட்டினாள். இது அவள் போட்ட கணக்கில் இல்லை.

துறைக்குப் போய், தொட்டியிலிருந்து விடப்பட்ட மீன்கள் போகும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். தண்ணீர் கலங்கலாக இருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

வண்டியில் ராய்ஸ் பேசவில்லை. பின்னால் படகு ஏற்றிய இழுவை வண்டி மட்டும் தடதடவென்று சத்தம் போட்டது. நெடுஞ்சாலை வரும்வரை அவன் பேசாமல் வந்தது நெல்டாவுக்குப் பயமாகக்கூட இருந்தது.

"மேடையிலேயே நீ சொல்லியிருக்கலாமே," என்றான் கடைசியில்.

"எப்போ சொல்றது? நீ எங்க நிறுத்தினே?"

அவன் அதை ஒத்துக்கொள்வதுபோல ஸ்டியரிங்கைத் தட்டினான்.

"அந்தப் படத்தை அழிச்சிடட்டா?"

"வேண்டாம். எனக்கு அனுப்பு."

"எதுக்கு? அதுல என் கைதானே தெரியுது. நீ வரவே இல்லையே."

"சத்தம் கேக்குதே."

சாலையோரத்தில் அவித்த வேர்க்கடலை விற்பவரைப் பார்த்ததும் அவன் தானாகவே நிறுத்தினான். ஒன்றுக்கு இரண்டு பொட்டலமாக வாங்கி வந்து, பெரியதை அவளிடம் நீட்டினான். ராய்ஸ் டிட்மோர் மன்னிப்புக் கேட்பது இவ்வளவுதான். அவன் அளவுக்கு இது ஜாஸ்தி என்று நெல்டாவுக்குத் தெரியும். ஈரப் பொட்டலத்தின் சூடு மடிக்கு இதமாக இருந்தது. முழங்கால்மேல் நகர்த்தி வைத்துக்கொண்டாள். ஒரு வாரம். நீலக் கதவு. பிடிக்க ஒன்றுமில்லாத தண்ணீர்.

ராய்ஸ் ஒரு கடலையை உரித்து வாயில் போட்டான். மென்றான். புருவம் மெல்ல மேலே ஏறியது. நெல்டா அந்தப் புருவத்தைப் பார்த்தாள்.

"நெல்டா, நீ எடுத்த வீட்டுக்கு முன்னாடி கடல் எவ்வளவு ஆழம் இருக்கும்? ஏன்னா, இந்த ரப்பர் இரை இருக்கு பாரு, உப்புத் தண்ணியிலகூட இதுக்கு..."

"ராய்ஸ்," என்றாள் அவள், ஒரு கைப்பிடி கடலையை அள்ளி அவன் உள்ளங்கையில் திணித்து. "உரிச்சு சாப்பிடு."